பாலமில்லாத பள்ளத்தாக்கு: பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை

ஜெர்மனியில் மைன்ஸ் நகரைத் தாண்டிவிட்டால் கோப்லென்ஸ் வரும்வரை ரைன் நதிக்கு மேல் ஒரு பாலம்கூடக் கிடையாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் போட்ட பயணத்திட்டம் முதல் நாள் மதியத்திலேயே குலைந்துவிடும். வரைபடத்தில் எதிரெதிரே, கூப்பிடு தூரத்தில் இரண்டு ஊர்கள் தெரியும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒரு மணி நேரமும் ஆகலாம், ஐந்து நிமிடமும் ஆகலாம். படகுத்துறை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

பிங்கன், ரூடஸ்ஹைம் ஊர்களில் தொடங்கி கோப்லென்ஸில் முடியும் இந்த 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கு 2002இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இருபுறமும் சிலேட்டுப் பாறைச் சரிவுகள், அவற்றில் திராட்சைத் தோட்டங்கள், மேலே நாற்பது வரையிலான கோட்டைகள். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். இரண்டு நாளுக்கு மூன்று கோட்டை, ஒரு நல்ல நடை, ஒரு கப்பல் பயணம் போதும். அதற்கு மேல் திணித்தால் ரயில் நிலையங்களை மட்டுமே பார்த்துவிட்டு வருவீர்கள்.

முதலில் திசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீர் ஓடும் பக்கம் முகம் வைத்து நின்றால் இடக்கையில் இருப்பது இடக்கரை: பிங்கன், பாக்கராக், ஓபர்வேசல், சங்க்ட் கோவார், பொப்பார்ட். வலக்கையில் ரூடஸ்ஹைம், லோர்க், கவுப், சங்க்ட் கோவார்ஸ்ஹவுசன், பிரௌபாக். சங்க்ட் கோவாரும் சங்க்ட் கோவார்ஸ்ஹவுசனும் எதிரெதிர்க் கரையில் இருக்கும் இரண்டு வெவ்வேறு ஊர்கள். அவசரத்தில் தங்குமிடத்தைத் தவறான கரையில் பதிவு செய்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. கரையோரம் பெரிய எண்ணுடன் வெள்ளைப் பலகைகள் நிற்கும். அவை கான்ஸ்டன்ஸ் நகரின் பாலத்திலிருந்து எண்ணிய கிலோமீட்டர்கள். கவுப் 546, லோரலை 554, பொப்பார்ட் 570, கோப்லென்ஸில் மோசல் நதி வந்து கலக்கும் முனை 592. எண் ஏறினால் ஓட்டத்தோடு போகிறீர்கள்.

இரண்டு கரையிலும் ரயில் பாதை உண்டு. இடக்கரைப் பாதை மைன்ஸையும் கோப்லென்ஸையும் இணைக்கிறது. வலக்கரைப் பாதை வீஸ்பாடன் வழியாக ஃபிராங்க்ஃபர்ட் போகிறது. வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026 தொடக்கத்திலிருந்து மாதம் 63 யூரோ. ஐசி, ஐசிஇ என்னும் தொலைதூர விரைவு ரயில்களில் அது செல்லாது. சுற்றுலாக் கப்பலிலும் அதை நம்பி ஏறாதீர்கள். அது தானாகவே அடுத்த மாதத்துக்கு நீளும் சந்தா என்பதும் பலருக்குத் தெரியாது. மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதக் கட்டணமும் போய்விடும். வலக்கரைப் பாதையை 2026இன் இரண்டாம் பாதியில் மாதக்கணக்கில் மூடிப் புதுப்பிக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் போவதாக இருந்தால் இடக்கரையில் தங்குவதே நல்லது.

கார் ஏற்றும் படகுகள் ஐந்து இடங்களில் ஓடுகின்றன: பிங்கன்–ரூடஸ்ஹைம், நீடர்ஹைம்பாக்–லோர்க், கவுப், சங்க்ட் கோவார்–சங்க்ட் கோவார்ஸ்ஹவுசன், பொப்பார்ட்–ஃபில்சன். நடந்து ஏறுபவர்களும் சைக்கிள்காரர்களும் இதே படகில் கடக்கலாம். கையில் சில்லறை வைத்திருங்கள். கவுப் படகில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. வலக்கரையில் இறங்கினால் கவுப் ஊரே எதிரில் நிற்கும், ரயில் நிலையமும் பக்கத்தில். இடக்கரையில் இறங்கினால் நெடுஞ்சாலை மட்டும்தான். ரயில் பிடிக்க ஒரு பக்கம் பாக்கராக், மறுபக்கம் ஓபர்வேசல், எதுவானாலும் சுமார் 3 கிலோமீட்டர் நடை. மாலையில் கவுப் தீவுக்கோட்டையைப் பார்த்துவிட்டு இடக்கரைக்குத் திரும்புவதாக இருந்தால், வலக்கரை ரயிலிலேயே சங்க்ட் கோவார்ஸ்ஹவுசன் போய் அங்கே கடப்பது நல்லது. அங்கே இரு கரையிலும் ரயில் நிலையம் உண்டு. எங்கே கடந்தாலும் கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். துறையில் பலகை இருக்கும், அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலாக் கப்பல்கள் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஓடும். முழுத் தூரமும் கப்பலில் போவது வீண் என்றே சொல்வேன். மூன்றாவது மணி நேரத்தில் எல்லாக் கோட்டையும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும். கப்பலை வைத்துக்கொள்ள வேண்டிய பகுதி பாக்கராக்கிலிருந்து சங்க்ட் கோவார் வரை. கவுப் தீவுக்கோட்டை, ஓபர்வேசலின் மதில் கோபுரங்கள், லோரலை வளைவு மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். திசை முக்கியம். ரூடஸ்ஹைமிலிருந்து கோப்லென்ஸுக்கு ஓட்டத்தோடு இறங்க சுமார் 4 மணி நேரம் என்றால், ஓட்டத்தை எதிர்த்து ஏற 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே ரயிலில் மேலே போய்க் கப்பலில் கீழே இறங்குங்கள்.

இனி தண்ணீர். இந்தப் பள்ளத்தாக்கில் கேட்க வேண்டிய எண் கவுப் நீர்மட்டம். கரையில் நிற்கும் அளவைக் கோபுரத்திலும் இணையத்திலும் அதைப் பார்க்கலாம். அளவையில் 78 சென்டிமீட்டர் என்று கண்டால் ஆற்றின் ஆழம் அவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மட்டத்தில் கப்பல் போகும் தடத்தில் 1.90 மீட்டர் தண்ணீர் இருக்கும். அளவையின் பூஜ்யம் ஆற்றடியில் இல்லை, அதற்கு மேலே இருக்கிறது. அதனால்தான் 2018 அக்டோபரில் மட்டம் 25 சென்டிமீட்டராக விழுந்தபோதும் சரக்குக் கப்பல்கள் சுமையைக் குறைத்துக்கொண்டு தவழ்ந்தன. கோடையின் கடைசியில் மட்டம் மிகவும் தாழ்ந்தால் சுற்றுலாக் கப்பல்கள் சில துறைகளில் நிற்காமல் போகும். எதிர்ப்பக்கமும் அப்படித்தான். 4.60 மீட்டரைத் தாண்டினால் கப்பல்களுக்குக் கட்டுப்பாடு, 6.40 மீட்டரில் போக்குவரத்தே நின்றுவிடும். பனி உருகும் காலத்திலும் தொடர்மழைக்குப் பிறகும் வருகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் கப்பலுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

ஆற்றில் நீந்தும் ஆசையையும் இங்கேயே விட்டுவிடுங்கள். கரை அமைதியாகத் தெரியும். ஒரு சரக்குக் கப்பல் கடக்கும்போது முதலில் கரைத் தண்ணீர் பின்வாங்கும், கூழாங்கற்கள் சலசலக்கும், பிறகு அலை ஒரே மூச்சில் திரும்பி வரும். குழந்தைகள் கணுக்கால் ஆழத்தில் நின்றாலும் கையை விடாதீர்கள்.

மூன்று கோட்டை என்றேனே, அவற்றில் முதலாவது பிரௌபாக்கின் மார்க்ஸ்பூர்க். மத்திய ரைனின் மலைக்கோட்டைகளில் ஒருமுறைகூட அழிக்கப்படாதது இது ஒன்றுதான். மற்றவற்றில் பெரும்பாலானவை இடிந்து கிடந்து, 19ஆம் நூற்றாண்டின் கற்பனையில் மறுபடி எழுந்தவை. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள். ஆங்கிலத்தில் நாளுக்குச் சில முறைதான், நேரத்தைப் பார்த்துப் போங்கள். நிலையத்திலிருந்து செங்குத்தாக அரை மணி ஏற்றம். நுழைந்ததும் குதிரை வீரர்களுக்காகப் பாறையிலேயே வெட்டிய படிகள் வரும். ஒன்றுகூட சமமில்லை, நூற்றாண்டுகளாகத் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். வழுக்காத அடிப்பாகமுள்ள காலணி வேண்டும்.

இரண்டாவது சங்க்ட் கோவாரின் ரைன்ஃபெல்ஸ். 1245இல் தொடங்கிய கோட்டை, பிரெஞ்சுப் புரட்சிப் படை வெடிவைத்துத் தகர்த்தது. இடிபாடாக இருப்பதால்தான் இது சுவையானது: எந்த மூலையிலும் நுழையலாம், ஏறலாம். நிலத்தடிச் சுரங்க வழிகள் திறந்திருக்கிறதா என்று வாசலில் கேளுங்கள். திறந்திருந்தால் கைவிளக்கு கட்டாயம். கைப்பேசி வெளிச்சம் போதாது, ஒரு கையால் சுவரைப் பிடித்துக் குனிந்து போகும் இடங்களில் அது தொல்லையும்கூட. தலையில் கட்டும் விளக்கே சரி.

மூன்றாவது, கவுப் எதிரே ஆற்றின் நடுவே நிற்கும் ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன். 1327இல் சுங்கம் வசூலிக்கக் கட்டிய கோபுரம், பிறகு அதைச் சுற்றி ஒரு மதில். அதன் கூர்முனை மேல்நீரை நோக்கி நிற்பதைக் கவனியுங்கள். குளிர்காலத்தில் மிதந்து வரும் பனிப்பாளங்களைப் பிளந்து இருபுறமும் தள்ளுவதற்காக அப்படி வைத்தார்கள். அங்கே போக கவுப் கரையிலிருந்து தனிச் சிறுபடகு. வெள்ளம் வந்தால் அது ஓடாது.

லோரலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ஆற்றிலிருந்து 132 மீட்டர் உயரும் சிலேட்டுப் பாறை. பாறையின் உச்சிக்குப் போனால் நதி தெரியும், லோரலை தெரியாது, அதன்மேல்தான் நிற்பீர்கள். பாறையைப் பார்க்க எதிர்க்கரையில் உர்பார் ஊரருகே மரியா ரூ என்ற இடத்துக்குப் போக வேண்டும். பெண் சிலையும் உச்சியில் இல்லை. கீழே ஆற்றுக்குள் நீளும் கல்கரையின் முனையில் இருக்கிறது. இந்த வளைவில் எதிரே வரும் கப்பல் தெரியாது என்பதால் ஓபர்வேசலிலிருந்து சங்க்ட் கோவார் வரை கரையில் ஒளிச்சமிக்ஞைகள் வைத்திருக்கிறார்கள். ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து நீளமான கப்பல் ஒன்று பின்பக்கத்தை வீசித் திரும்புவதைப் பாருங்கள், அந்த விளக்குகள் ஏன் என்று புரியும்.

நடைக்கு வலக்கரையில் ரைன்ஸ்டைக் என்ற நெடுநடைப் பாதை. வீஸ்பாடனிலிருந்து பான் நகர் வரை 320 கிலோமீட்டர், நீலத்தில் வெள்ளை எழுத்து அதன் அடையாளம். அதே குறி மஞ்சள் பின்னணியில் இருந்தால் அது நிலையத்திலிருந்தோ ஊரிலிருந்தோ முக்கியப் பாதைக்கு ஏறும் இணைப்புவழி. மஞ்சளைப் பின்தொடர்ந்தே போனால் ஏதாவது ஊருக்குள் இறங்கிவிடுவீர்கள். கவுப்–சங்க்ட் கோவார்ஸ்ஹவுசன் பகுதிதான் சிறந்தது, சுமார் 22 கிலோமீட்டர், ஒரு முழு நாள். தூரத்தைவிட ஏற்ற இறக்கமே ஆளை அசத்தும். ஒவ்வொரு ஓடைப் பள்ளத்துக்கும் இறங்கி மறுபடி ஏற வேண்டும், அது நாள் முழுக்கத் தொடரும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுங்கள். தெற்கு நோக்கிய சிலேட்டுச் சரிவுகள் வெயிலை வாங்கி வைத்துத் திருப்பி அடிக்கும். மழை பெய்த மறுநாள் அதே சிலேட்டுத் தகடுகள் சோப்புப் போல வழுக்கும், அன்று இறக்கத்தில் ஊன்றுகோல் இல்லாமல் போக வேண்டாம். மாலையில் உண்ணிகளுக்காகக் கால்களைச் சோதியுங்கள். பாதி தூரம் மட்டும் வேண்டுமென்றால் சங்க்ட் கோவார்ஸ்ஹவுசனிலிருந்து கெஸ்டர்ட் வரை நடந்து ரயிலில் திரும்பலாம்.

மலையேறும் உடல்வாகு இல்லாதவர்களுக்குப் பொப்பார்ட். நாற்காலி லிஃப்ட் இருபது நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விடும். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ரைனின் மிகப் பெரிய வளைவு முழுதாகத் தெரியும். சற்றுத் தள்ளி இன்னொரு முனையில், குன்றுகள் நதியை இடையிடையே மறைத்துவிட, அதே நதி நான்கு ஏரிகளாகத் தெரியும். காலை வேண்டாம், இலையுதிர் காலத்தில் பனிமூட்டம் பதினொரு மணிக்கு மேல்தான் விலகும். அதே சரிவில் இரும்பு ஏணிகளும் கம்பிக்கயிறும் பொருத்திய ஏறுபாதை ஒன்று இருக்கிறது. இடுப்புப்பட்டையும் கொக்கிகளும் போட்டுக்கொண்டு ஏறுங்கள். ஏணி பயமாக இருந்தால் சுற்றிப்போகும் தடம் உண்டு.

சைக்கிளுக்கு இடக்கரைதான். வலக்கரையில் பாதை சில இடங்களில் நெடுஞ்சாலையை ஒட்டிப் போகும், இரைச்சல் தாங்காது.

செப்டம்பர் கடைசியில் வந்தால் கடைகளில் ஃபெடர்வைசர் கிடைக்கும், இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் புது வைன். அதன் மூடி காற்றுப் போக விட்டுத்தான் இருக்கும், இறுக்கமாக மூடினால் பாட்டில் வெடிக்கும். அதைப் பையில் படுக்க வைத்தால் துணியெல்லாம் நனையும், நிமிர்த்திக் கையில் பிடித்து வர வேண்டும்.

தங்குவதற்குப் பாக்கராக்கை எடுங்கள். ஊருக்கு மேலே ஸ்டாலெக் கோட்டையே இளைஞர் விடுதி, ஆனால் பெட்டியோடு படியேற வேண்டும். ஊருக்குள் அறை எடுத்தால் ஆற்றுப் பக்கம் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரு கரையிலும் சரக்கு ரயில்கள் இரவு முழுக்க ஓடும், பள்ளத்தாக்கின் சுவர்கள் அந்தச் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பும். உள்முற்றம் பார்த்த அறை கிடைக்காவிட்டால் காதடைப்பான் இல்லாமல் தூக்கம் வராது.