“அல்லது அதற்கு ஈடானது”: ஒரு பூங்கா வேலையில் நான் கற்றது

போன வாரம் ஒப்படைப்புச் சான்றிதழ் கைக்கு வந்தது. இரண்டு ஏக்கருக்கும் குறைவான ஒரு நகராட்சிப் பூங்கா. சக்கர நாற்காலியில் வருபவரும், கோல் ஊன்றி வருபவரும், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவரும் தடையின்றிச் சுற்றிவர வேண்டும். பறவைக்கும் பூச்சிக்கும் அங்கே குடியிருக்க இடம் வேண்டும். இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. வரைபடம் நான்கு மாதத்தில் முடிந்தது. மீதி இருபத்தாறு மாதம் எங்கே போயிற்று என்பதைத்தான் எழுதுகிறேன். நில வடிவமைப்புத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களும், தங்கள் பகுதிப் பூங்காவுக்காக மனு எழுதிக்கொண்டிருப்பவர்களும் எனக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்டு போனால், சில மாதங்களாவது மிஞ்சும்.

முதல் அடி கருத்துக்கேட்புக் கூட்டத்திலேயே விழுந்தது. நாளும் இடமும் அலுவலகம் குறித்தது. இடம் இரண்டாம் மாடி, லிஃப்ட் பழுது. மேலே வந்திருந்த முப்பது பேரும் காலையில் நடைப்பயிற்சி செய்பவர்கள். நடைபாதையை அகலமாக்குங்கள், விளக்கைக் கூட்டுங்கள் என்று கேட்டார்கள். நியாயமான கோரிக்கைகள்தான். கூட்டம் முடிந்து இறங்கும்போதுதான் காவலாளி சொன்னார்: சக்கர நாற்காலியில் வந்த ஓர் அம்மா படிக்கட்டுக்குக் கீழே அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டாராம். நான்கு நாள் கழித்து வந்த கூட்டக் குறிப்பில் ஒரு வரி இருந்தது: “மாற்றுத்திறனாளிகள் தரப்பில் கோரிக்கை ஏதும் பெறப்படவில்லை.” இன்று நினைத்தாலும் அந்த வரி சுடுகிறது.

இரண்டாவது கூட்டம் வேண்டும் என்றேன். ஒரு வேலைக்கு ஒரு கூட்டம்தான் என்றார் எழுத்தர். எழுதிக் கொடுத்தேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006-இல் நிறைவேறியது. அதன் நான்காவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அவர்களைப் பாதிக்கும் முடிவுகளை அவர்களோடு நெருக்கமாகக் கலந்து பேசித்தான் எடுக்க வேண்டும் என்கிறது. அதை மேற்கோள் காட்டி, “பெறப்படவில்லை” என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடிட்டு, லிஃப்ட் பழுதான தேதியையும் குறிப்பிட்டேன். பத்து நாளில் அனுமதி வந்தது. வாய்வார்த்தையாகக் கேட்டிருந்தால் வந்திருக்காது. எதைக் கேட்டாலும் எழுதிக் கேளுங்கள். நகலில் தேதி முத்திரை வாங்காமல் அந்த மேசையைவிட்டு நகராதீர்கள்.

இரண்டாவது கூட்டத்தைப் பூங்காவிலேயே, மரத்தடியில் வைத்தோம். என் வரைபடத்தில் எத்தனை ஓட்டைகள் என்று ஒன்றரை மணி நேரத்தில் தெரிந்துபோனது. பார்வையற்ற ஒரு பெரியவர் என்னை வாசல் பக்கம் அழைத்துப்போய், வடிகால் மூடியின் மேல் தன் கோலை நகர்த்திக் காட்டினார். கம்பிகள் நடக்கும் திசையிலேயே ஓடின. கோலின் நுனி இடுக்கில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை, குனிந்து கையால் எடுத்தார். “தினமும் இங்கே ஒரு முறை குனிகிறேன் அம்மா” என்றார். மூடியின் இடுக்குகள் நடக்கும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும், 13 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் கூடாது என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். பழைய மூடி அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். அவர் குனிந்ததைப் பார்த்த பிறகு எப்படி விடுவது? வாசலில் பதிக்கப்போகும் புடைப்புக் கற்களையும் அவர் காலால் தடவிப் பார்த்தார். செய்இச்சி மியாக்கே என்ற ஜப்பானியர் 1965-இல் உருவாக்கி, 1967-இல் ஒக்கயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதலில் பதித்த அதே கற்கள். நீளக்கோடு ‘போகலாம்’ என்று சொல்லும். புள்ளி ‘நில், கவனி’ என்று சொல்லும். நான் அழகுக்காக இரண்டையும் கலந்து வரைந்திருந்தேன். அன்றிரவே அழித்தேன்.

பெண்கள் சொன்னது வேறு. நான் பாதையின் இருபுறமும் அடர்ந்த புதர் வைத்திருந்தேன்; சிறு பறவைகள் கூடு கட்டப் புதர்தான் வேண்டும். “ஆறு மணிக்கு மேல் அந்தப் பாதையில் நான் நடக்க மாட்டேன்” என்றார் ஒருவர். அவரை மறுக்க என்னிடம் பதில் இல்லை. பாதையை ஒட்டி மூன்று மீட்டருக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத செடிகள். மரக்கிளைகள் இரண்டு மீட்டருக்கு மேலே. அடர்புதர் முழுவதும் உள்ளே தள்ளி, ஒரே திட்டாக. இதில் பறவைக்கும் நட்டமில்லை. நீளமான மெல்லிய வேலிபோல இருக்கும் புதரைவிட, ஆள் நுழையாத அகன்ற திட்டுதான் கூட்டுக்குப் பாதுகாப்பு. ஆட்டிசம் உள்ள பையனின் தாய், முதுகுப்பக்கம் மறைவாக உள்ள ஓர் இருக்கை மட்டும் கேட்டார். சத்தம் கூடினால் அவன் ஒதுங்கி உட்கார ஓர் இடம். அது வரைபடத்தில் கால் அங்குலம்கூட இல்லை.

அடுத்து, காகிதம். நிலத்தடிக் குழாய், கேபிள் வரைபடம் இணைக்கப்படவில்லை என்று கோப்பு திரும்பியது. குடிநீர்ப் பிரிவுக்குப் போனேன். வடிகால் பிரிவில் இருக்கும் என்றார்கள். வடிகால் பிரிவில் மின்பிரிவைக் கை காட்டினார்கள். மின்பிரிவில் உரிய அலுவலர் விடுப்பு. நான்காவது முறை போனபோது, வரைபடம் முதல் நாள் நான் நின்ற அதே குடிநீர்ப் பிரிவின் அலமாரியில் இருந்தது. இரண்டு மாதம் வீண். ஆனால் அந்தக் காகிதத்தைக் குறை சொல்ல மாட்டேன். நான் மரவரிசை போட்டிருந்த கோட்டுக்கு அடியில் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் பிரதானக் குழாய் ஓடியது. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் பரவும். பத்தாண்டு கழித்து ஒரு கசிவுக்காக அந்த வரிசை முழுவதையும் வெட்டியிருப்பார்கள். ஆகவே வரைவதற்கு முன்பே அந்த வரைபடத்தைக் கேளுங்கள். கிடைத்தாலும் நம்பிவிடாமல் இரண்டு இடத்திலாவது குழி தோண்டிப் பாருங்கள்.

மழைநீர் வடிகாலைக் கான்கிரீட்டுக்குப் பதில் புல் படர்ந்த ஆழமற்ற வாய்க்காலாக மாற்றப் பொறியாளர் சம்மதிக்கவில்லை. சிங்கப்பூரின் பிஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயாக இருந்த கல்லாங் ஆற்றை, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். அந்தப் படங்களைக் காட்டினேன். நாற்பது மீட்டருக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். அந்த நாற்பது மீட்டரில் இப்போது தும்பிகள் பறக்கின்றன.

ஒப்பந்தப்புள்ளி சிக்கலில்லாமல் முடிந்தது. வேலை தொடங்கியபின்தான் உண்மையான போராட்டம்.

வாசலுக்கும் பாதைக்கும் 45 சென்டிமீட்டர் மட்ட வித்தியாசம். ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற சாய்வில் 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வர வேண்டும். ஒருநாள் போய் அளவு நாடாவை வைத்தால் 3.6 மீட்டர். ஒன்றுக்கு எட்டு. “இடம் மிச்சமாகுமே என்று சுருக்கினோம், பார்வைக்கு ஒன்றும் தெரியாது மேடம்” என்றார் மேற்பார்வையாளர். பார்வைக்குத் தெரியாதுதான். ஏறும் கைகளுக்குத் தெரியும். இறங்கும்போது உயிருக்கே தெரியும். பாதையிலும் இதே கதை. நீர் இறங்கும்படி கெட்டிப்படுத்திய மண்கலவைத் தளம் கேட்டிருந்தேன். வண்டி வண்டியாக உருண்டைச் சரளையைக் கொட்டி எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பியிருந்தார்கள். மழைநீர் இறங்கத்தானே கேட்டீர்கள், இறங்குகிறது என்று பதில்.

வாக்குவாதம் செய்வதை நிறுத்தினேன். மறுநாள் ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கிக்கொண்டு போய், ஆய்வுக்கு வந்த உதவிப் பொறியாளரை உட்காரச் சொன்னேன். நல்ல மனிதர், தயங்காமல் உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் சக்கரத்தைத் தள்ளினார். முன்சக்கரங்கள் சரளைக்குள் புதைந்து திரும்பிக்கொண்டன. மறுபடி தள்ளினார். நாற்காலி முன்னே போவதற்குப் பதிலாக அவர் உடம்புதான் முன்னே சாய்ந்தது. ஒரு மீட்டர்கூடத் தாண்டவில்லை. கழுத்தில் வியர்வையோடு எழுந்தவர், அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து, பாதையையும் சாய்தளத்தையும் பெயர்த்து மறுபடி போட வேண்டும் என்று ஆய்வுக் குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டார். ஆறு கடிதங்களால் முடியாததை அந்த நாற்காலி பத்து நிமிடத்தில் முடித்தது. ஆய்வு நாளில் ரசமட்டமும் அளவு நாடாவும் போதாது; ஒரு சக்கர நாற்காலியும் கூடவே போகட்டும்.

செடிகளில்தான் நான் தோற்றேன். நடும் மரங்களில் ஒரே இனம் பத்து சதவீதத்துக்கும், ஒரே பேரினம் இருபதுக்கும், ஒரே குடும்பம் முப்பதுக்கும் மிகக் கூடாது என்று 1990-இல் ஃபிராங்க் சாண்டமோர் என்ற அமெரிக்க மர ஆய்வாளர் சொன்ன வரம்பை வைத்துப் பட்டியல் தயாரித்திருந்தேன். வீதிக்கு வீதி எல்ம் மரமாகவே நட்டு வளர்த்த ஐரோப்பிய, அமெரிக்க நகரங்கள் ஒரே நோய்க்கு அவற்றை இழந்த அனுபவத்துக்குப் பிறகு நட்டவர்கள் கற்ற கணக்கு அது. பூச்சிகளுக்கென எருக்கு, எலுமிச்சை, காட்டுச்செடிகள் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். எருக்கில் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி முட்டையிடும். எலுமிச்சையில் கறிவேப்பிலை அழகி. பட்டாம்பூச்சி தேன் குடிக்கும் பூ கிடைத்தால் போதாது, புழு தின்னும் இலையும் வேண்டும்.

உடம்பு சரியில்லாததால் ஒரு வாரம் அங்கே போகவில்லை. போய்ப் பார்த்தபோது, எருக்கு இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் அடுக்குச் செம்பருத்தி. வரிசை வரிசையாக, ஒரே உயரத்தில். ஒரு பூவை விரித்துப் பார்த்தேன்: மகரந்தத்தாள் இருக்க வேண்டிய இடத்திலும் இதழ். அடுக்குப் பூக்கள் பலவற்றில் அப்படித்தான், வண்டு வந்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஒப்பந்ததாரரிடம் கேட்டால், கோப்பைத் திறந்து காட்டினார். என் செடிப் பட்டியலின் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால், அலுவலகத்தின் வழக்கமான படிவத்திலிருந்து ஒரு சொற்றொடர் ஒட்டிக்கொண்டிருந்தது: “அல்லது அதற்கு ஈடானது.” எருக்கு எந்த நாற்றுப் பண்ணையிலும் விற்பனைக்கு இல்லை. உயரம் ஈடு, விலை ஈடு, பூக்கிறது. அவர் ஏமாற்றவில்லை. நான்தான் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தேன்.

சாய்தளத்திலும் நடந்தது இதுதான் என்று அப்போது விளங்கியது. 5.4 மீட்டர் என் வரைபடத்தில் இருந்தது. பணம் கொடுக்கும் அளவுப் பட்டியலில் “சாய்தளம், எண்ணிக்கை 1” என்று மட்டும் இருந்தது. வரைபடம் சுவரில் தொங்கும். வேலை நடப்பது அளவுப் பட்டியலை வைத்துத்தான்.

செம்பருத்திகளில் பாதியை அகற்ற முடிந்தது. எருக்கைச் சாலையோரத்தில் விதை பொறுக்கி நாங்களே முளைக்க வைத்தோம். வேலை தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பே பண்ணையில் சொல்லி வளர்க்க வைத்திருந்தால் இந்த அவதியே இல்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். திறந்து மூன்றாம் மாதம், பராமரிப்பு ஆட்கள் உயரப் புல்லை மழித்து, சருகை எல்லாம் கூட்டி எரித்து, கருவண்டு துளையிட்டுக் குடியேற நான் போட்டு வைத்திருந்த பட்ட மரத்துண்டையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் “குப்பை ஏதுமின்றி” என்று இருந்தது. சருகு அவர்கள் கணக்கில் குப்பை. எரிந்த இடத்தில் கையை வைத்தேன், சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. அன்று அழுதேன்.

தனியாக ஒரு பராமரிப்பு ஆணை எழுதி வாங்கினேன். பாதையோரம் அறுபது சென்டிமீட்டர் மட்டும் புல் வெட்ட வேண்டும். ஓரம் ஒழுங்காக இருந்தால் உள்ளே உயர்ந்து நிற்கும் புல்லை யாரும் கவனிப்பாரற்றுக் கிடப்பதாக நினைப்பதில்லை. சருகு மரத்தடிக்கே மூடாக்கு. மண்ணில் வளை தோண்டும் தேனீக்களுக்காகத் தெற்குச் சரிவில் ஒரு துண்டு நிலம் வெறுமையாகவே இருக்கும். இதையெல்லாம் தோட்டக்காரரோடு நடந்து நடந்து காட்டினேன். இரண்டு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். “அம்மா, இங்கே வந்து பாருங்கள்.” எருக்கிலைக்கு அடியில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையும் வளையமிட்ட ஒரு புழு, இலையை ஓரத்திலிருந்து கடித்து வந்துகொண்டிருந்தது. மருந்து அடித்துவிடுவார்களோ என்று அந்தச் செடியைச் சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தார்.

முதல் கூட்டத்தில் படிக்கட்டுக்குக் கீழே காத்திருந்த அம்மா இப்போது மாலையில் வருகிறார். சாய்தளத்தில் யாரும் தள்ளாமல் ஏறுகிறார். பெரியவரின் கோல் புது மூடியின் மேல் தட்டிக்கொண்டே தாண்டிப் போகிறது.

அடுத்த பூங்காவுக்கான அளவுப் பட்டியலை நேற்றுத் தொடங்கினேன். வேண்டுபவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். “சாய்தளம்: சாய்வு ஒன்றுக்குப் பன்னிரண்டுக்கு மிகாமல், மேலும் கீழும் 1.5 மீட்டர் சமதளம். சக்கர நாற்காலியில் ஏறிச் சரிபார்த்த பின்னரே தொகை.” “செடி: பட்டியலில் உள்ள இனம் மட்டும், மாற்று இனம் தேவைப்பட்டால் வடிவமைப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுடன்.” “சருகு, பட்ட மரம், உயரப் புல்: குப்பையாகக் கருதப்படமாட்டா.”