பழைய காரில் விண்டேஜ் கார் ஷோவுக்குக் கிளம்புகிறீர்களா?
நெடுஞ்சாலையில் தகராறு குறைவு. ஷோ வாசலில் ஊர்ந்து நிற்கும்போதுதான் சூடேறும்: ரேடியேட்டர் ஃபேன் இன்ஜினோடு பெல்ட்டில் சேர்ந்து சுற்றுவதால் ஐட்லிங்கில் காற்று போதாது. நியூட்ரலில் போட்டு 1,500 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்துவிடுங்கள். நீங்கள் வெந்துபோவீர்கள், இன்ஜின் பிழைக்கும்.

அப்படியும் திணறி நின்றால், பெரும்பாலும் பெட்ரோல் லைனில் ஆவி அடைத்திருக்கும். செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியைக் காலி பண்ணாதீர்கள். பானெட்டைத் திறந்து, பம்ப்பிலும் லைனிலும் ஈரத்துணி சுற்றி 15 நிமிடம் விடுங்கள். தண்ணீரைக் கொட்டக் கூடாது, பம்ப்பின் கண்ணாடிக் கிண்ணம் விரிசல் விடும்.

முந்தின நாளே பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை வரவைக்கும் தொடுமுனை) இடைவெளியைப் பாருங்கள், பல வண்டிகளுக்கு அது 0.4 மி.மீ. இருக்க வேண்டும். தேய்ந்து இடைவெளி குறைந்தால் ஸ்பார்க் டைமிங் பின்தங்கி இன்னும் சூடேறும். டிக்கியில் ஸ்பேராக இக்னிஷன் கண்டென்சர் (ஏசி கண்டென்சர் அல்ல), டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர், ஃபேன் பெல்ட் கட்டாயம். கண்டென்சர் மட்டும் புதுசைவிட ஓடிப் பார்த்த பழசே நம்பகம்.