ரிடெய்னர் செய்கிறவர்களுக்கு எதற்குச் சங்கம்?

சங்கம் என்றாலே இங்கே பலருக்கு ஆண்டு விருந்து, பொன்னாடை, குழுப் படம் இவைதான் ஞாபகத்துக்கு வரும். நம்மவர்கள் சிங்கப்பூரில் நடத்துகிற சில சங்கங்களைப் பார்த்தால் அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை. அதனால் பல் சீரமைப்புச் சாதனங்கள் செய்கிற எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த தம்பி, "அண்ணே, நம்மள மாதிரி ஆர்த்தோ டெக்னீஷியனுக்கெல்லாம் சங்கம் எதுக்கு, சந்தா கட்டி என்ன கிடைக்கப் போகுது?" என்று கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு கோப்பி குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பல் வரிசையைச் சீராக்குகிற டாக்டரை எல்லோருக்கும் தெரியும். அவர் நம் வாயில் மாட்டிவிடுகிற, சீரான பல் மறுபடி நகராமல் பிடித்து வைக்கிற ரிடெய்னர், அண்ணத்தை அகலப்படுத்துகிற எக்ஸ்பேண்டர், கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவருகிற ட்வின் பிளாக், இதையெல்லாம் யார் செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஏதோ ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் மாடியில் உட்கார்ந்து, 0.7 மில்லிமீட்டர் ஸ்டீல் கம்பியைப் பிளையரால் வளைத்து, பல்லைக் கவ்விப் பிடிக்கிற ஆடம்ஸ் கிளாஸ்ப்பின் இரண்டு முனையும் கடைவாய்ப் பல்லின் உள்வாங்கிய இடத்தில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் நாங்கள்தான். முனை கொஞ்சம் தள்ளிப் போனால் பிளேட் (கம்பி பதித்த அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு) ஆடும். ரொம்ப இறுகினால் பிள்ளை அதைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி ஃபுட் கோர்ட் தட்டோடு சேர்த்துத் திருப்பி வைத்துவிட்டு வந்துவிடும் (இப்படித் தொலைந்த ரிடெய்னர்களால் எங்களுக்கு வேலை வருகிறது என்பதும் உண்மைதான்).

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பல் மருத்துவர்களும் ஓரல் ஹெல்த் தெரபிஸ்ட்களும் சிங்கப்பூர் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். டெக்னீஷியன்களுக்கு அந்தப் பதிவு கிடையாது. பிரிட்டனில் 2008-இலிருந்து டெக்னீஷியனும் பதிவு செய்தால்தான் அந்தப் பெயரில் வேலை பார்க்க முடியும், ஐந்து வருடத்தில் குறைந்தது 50 மணி நேரம் தொடர்கல்வி முடித்துக் கணக்கும் காட்ட வேண்டும். ஆர்த்தோடான்டிக் டெக்னீஷியன்களுக்கென்றே அங்கே தனிச் சங்கம் இருக்கிறது, மாநாடும் நடத்துகிறது. அங்கே சட்டம் போட்ட கோட்டுக்கு மேல் சங்கம் வேலை செய்கிறது. கோடே இல்லாத இடத்தில் சங்கம்தான் அதைப் போட வேண்டும் என்பது என் கட்சி. யாரையும் தொழிலிலிருந்து விலக்கி வைக்கிற அதிகாரம் அதற்கு இருக்காது, ஆனால் இந்த வேலையை இந்த அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதி வைக்க அதிகாரம் தேவையில்லை.

எனக்கு ரொம்ப வலிக்கிற இடம் லேப் ஸ்லிப், அதாவது என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதி அனுப்புகிற தாள். ஒரு கிளினிக்கிலிருந்து வருகிற ஸ்லிப்பில் "மேல் ரிடெய்னர்" என்று மட்டும் இருக்கும். எந்தப் பல்லில் கிளாஸ்ப், முன்பற்களின் வெளிப்பக்கம் ஓடுகிற லேபியல் போ கம்பி எங்கிருந்து எங்கே, அக்ரிலிக் என்ன நிறம், ஒன்றும் இருக்காது. கூடவே பல்லின் அச்செடுத்த அல்ஜினேட் இம்ப்ரெஷன் ஈரத் துணிகூடச் சுற்றாமல் காய்ந்து வந்து சேரும். அல்ஜினேட் தண்ணீரை விட்டால் சுருங்கும், அதில் ஸ்டோன் (பல் மாடல் செய்கிற கடின ஜிப்சம்) ஊற்றி எடுத்த மாடலும் பொய் சொல்லும், அந்த மாடலில் கச்சிதமாக உட்கார்ந்த பிளேட் வாயில் உட்காராது. அப்புறம் என்ன, "லேப் சரியில்லை" என்று திரும்பி வரும், மறுபடி செய்து கொடுக்கிற ரீமேக் செலவு எங்கள் தலையில். இதை ஒரு தனி டெக்னீஷியன் போன் போட்டுக் கேட்டால் அடுத்த வாரம் அந்தக் கிளினிக் வேலை வேறு லேபுக்குப் போய்விடும். அதனால் யாரும் கேட்பதில்லை.

சங்கம் கேட்கலாம். பல் மருத்துவர்களுக்கு 1967-இலிருந்து சங்கம் இருக்கிறது, ஆர்த்தோடான்டிஸ்ட்களுக்குத் தனியாக ஒன்று இருக்கிறது. எதிரில் உட்கார்ந்து பேச இந்தப் பக்கமும் ஒரு அமைப்பு இருந்தால், எல்லோருக்கும் பொதுவான ஒரு ஸ்லிப், யார் தவறென்றால் யார் ரீமேக் செலவு என்று ஒரு பக்கத் தாள், இந்த இரண்டையும் பேசி முடிக்கலாம். எங்கள் பக்கத் தவறுகளும் அந்தத் தாளில் வரும், வரட்டும். சொல்லப்போனால் டாக்டர்களுக்கும் இது வசதிதான், பிளேட் பொருந்தாமல் வீணாகிற நாற்காலி நேரம் அவர்களுடையது.

இன்னொன்று உடம்பு. அக்ரிலிக்கில் போடுகிற மோனோமர் திரவம் சாதாரணக் கையுறையைச் சீக்கிரமே ஊடுருவிவிடும், விரல் நுனி வெடித்து அரிக்க ஆரம்பித்த பிறகுதான் பலருக்கு இது தெரிய வருகிறது. மணல் அடிக்கிற இடத்தில் சிலிகா தூசு நுரையீரலுக்குப் போனால் திரும்பப் பெற முடியாது. 2006-இல் வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் முதலாளியின் பொறுப்பு என்ன என்று சொல்கிறது, ஆனால் நாலு பேர் வேலை பார்க்கிற சின்ன லேபில் முதலாளியும் பக்கத்து மேசையில் அதே புகையைத்தான் சுவாசித்துக்கொண்டிருக்கிறார். தூசு உறிஞ்சி எங்கே இருக்க வேண்டும், எந்தக் கையுறை எவ்வளவு நேரம் தாங்கும் என்று தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் சுவரில் ஒட்ட ஒரு தாள் சங்கம் தயாரித்தால், அதற்கே ஒரு வருடச் சந்தா தகும்.

டிஜிட்டல் பற்றித் தம்பிக்குத்தான் பயம் அதிகம். ஸ்கேன் வருகிறது, மாடலை பிரிண்ட் எடுக்கிறோம், கம்பியில்லாமல் பல்லை நகர்த்துகிற அலைனர் வந்துவிட்டது, இனிமேல் கம்பி யாருக்கு வேண்டும் என்கிறான். பிரிண்ட் எடுத்த மாடலிலும் கிளாஸ்ப்பை யாராவது வளைத்தாக வேண்டும் என்பது என் பதில். ஆனால் அவன் மென்பொருளும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், அதை இயந்திரம் விற்கிற கம்பெனிக்காரர் அரை மணி நேரத்தில் காட்டிவிட்டுப் போவதை வைத்துக் கற்க முடியாது. அதற்கும் சங்கம் வேண்டும்.

சங்கச் சட்டப்படி பத்துப் பேர் சேர்ந்தாலே பதிவு செய்ய வேண்டிய அமைப்பாகிவிடும், ஆக ஆள் எண்ணிக்கை பெரிய தடை இல்லை. கூட்டம் எப்போது வைப்பது என்பதுதான் தலைவலி. சனிக்கிழமை லேபில் மூச்சு விட நேரமிருக்காது, வார நாள் இரவென்றால் ஜொகூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருகிறவர்கள் பாலம் தாண்டி வீடு போய்ச் சேர நள்ளிரவாகிவிடும். ஞாயிறு மதியம்தான் சரிப்படும். தம்பி இப்போது சாப்பாடு உண்டா என்று கேட்கிறான்.