உபுண்டுவை உயர்த்திய மறுநாள் பிப் காணாமற்போன கதை

கடந்த வாரம் எனது மடிக்கணினியில் இருந்த உபுண்டு இயங்குதளத்தின் 22.04 பதிப்பை 24.04 ஆக உயர்த்தினேன். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு இணையத் தொகுப்பில் நள்ளிரவுக்குப் பின்னர் கிடைக்கும் அளவுதான் தாராளமானது என்பதால், அந்த நேரம் வரைக்கும் விழித்திருந்து வேலையைத் தொடக்கினேன். பழைய மென்பொருள் பொதிகளை நீக்கவா என்று அது கடைசியில் கேட்டதற்கு, அரைத் தூக்கத்தில் 'ஆம்' என்று கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில், பழைய தமிழ் நூல்களின் எழுத்துணரிப் பிரதிகளில் (பக்கப் படங்களிலிருந்து கணினி வாசித்தெடுத்தவை) பிழை தேடுவதற்காக நான் எழுதிவரும் சிறிய பைத்தன் நிரலைத் திறந்து, அதற்கென வைத்திருந்த மெய்நிகர் சூழலை, அதாவது அந்த நிரலுக்கான பொதிகளைத் தனியே வைத்திருக்கும் கோப்புறையை, செயற்படுத்தினேன். சூழலின் பெயர் வழமைபோல் அடைப்புக்குறிக்குள் வந்து நின்றது. ஆனால் பைத்தன் பொதிகளை நிறுவும் கருவியான பிப் மூலம் ஒரு பொதியை நிறுவ முயன்றதும், பிப் என்ற பெயரில் ஒரு மொடியூலும் (நிரல் கூறும்) இல்லை என்று பதில் வந்தது. பிப்பை அழைக்கும் கோப்பு அதே இடத்தில் இருக்கிறது, அதுவே ஓடி, பிப் இல்லை என்றும் சொல்கிறது.

திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி அப்போது அருகில் இருந்தார். "அண்ணை, கெட்-பிப் எண்டு ஒரு கோப்பு இருக்கு. அதை இறக்கி ஓட்டினால் பிப் வந்திடும்" என்றார். அவர் சொன்னது பிழையில்லை. "பொறும் தம்பி, முதல்ல ஏன் போனதெண்டு பாப்பம்" என்றேன்.

சூழலின் 'பின்' கோப்புறைக்குள் இருக்கும் பிப் என்பது சில வரிகளே கொண்ட ஒரு சிறு கோப்பு. அதன் முதல் வரி, எந்தப் பைத்தனைக் கொண்டு தன்னை ஓட்ட வேண்டும் என்பதை முழுப் பாதையுடன் சொல்கிறது. சூழலின் கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்தியவர்களுக்குப் பிப் உடைவது பெரும்பாலும் இந்த வரியால்தான். என்னுடைய கோப்பில் அந்தப் பாதை சரியாகவே இருந்தது. ஆனால் அந்தப் பாதையின் முனையில் இருந்த பைத்தன் உண்மையான நிரல் அன்று. அது கணினியின் பொதுப் பைத்தனைச் சுட்டும் ஓர் இணைப்பு மட்டுமே. பதிப்பைக் கேட்டபோது 3.12.3 என்றது. அதே சூழலின் 'பைவென்வ்.சிஎப்ஜி' கோப்பிலோ இன்னமும் 3.10.12 என்றுதான் எழுதியிருந்தது. 'லிப்' கோப்புறையைத் திறந்தால் அங்கே 'பைத்தன்3.10' என்ற ஒரே ஒரு கோப்புறை. நான் நிறுவிய அத்தனை பொதிகளும், பிப் உட்பட, அதற்குள் பத்திரமாக இருந்தன. புதிய பைத்தன் தன் பெயரிலான 'பைத்தன்3.12' கோப்புறையைத் தேடி, அது இல்லாததால், தன்னிடம் எதுவுமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

என் முதல் வேகத்தில் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். சூழலை விட்டு வெளியே வந்து, கணினிக்கு உரிய பிப்பிலேயே பொதியை நிறுவப் பார்த்தேன். இச்சூழல் (கணினியின் பொதுப் பைத்தன்) வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று அது மறுத்துவிட்டது. உபுண்டுவிலும் அதற்கு அடிப்படையான டெபியனிலும் 2023 முதல் வந்த கட்டுப்பாடு இது. மீறி நிறுவ ஒரு தெரிவு உண்டு. அதற்குக் 'கணினியின் பொதிகளை உடை' என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நேர்மையாகப் பெயரிடப்பட்ட தெரிவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பைத்தன் 3.4 முதல் மூல நூலகத்துடனேயே 'என்ஷூர்பிப்' என்ற மொடியூல் வருகிறது. பிப்பின் ஒரு பிரதி அதனுடனேயே கிடைப்பதால், இணையம் இல்லாத வேளையிலும் சூழலுக்குள் பிப்பை மீள நிறுவிவிடலாம். அதை ஓட்டினால், அதுவும் இல்லை என்றது. உபுண்டு இதைத் தனிப் பொதியாகப் பிரித்து வைத்திருக்கிறது. நானோ முன்பு மெய்நிகர் சூழல்களை உருவாக்க உதவும் வென்வ் பொதியில் 3.10 க்கு உரியதை மட்டுமே பெயர் சொல்லி நிறுவியிருந்தேன். உபுண்டுவின் நிறுவற் கருவியான ஆப்ட் மூலம் 'பைத்தன்3.12-வென்வ்' பொதியை நிறுவியதும் என்ஷூர்பிப் வந்துவிட்டது.

இந்த இடத்தில் பிப்பை மட்டும் மீட்டுவிட்டு எழும்பியிருக்கலாம். தம்பியும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் பழைய கோப்புறையில் இருந்த நம்பை என்ற கணிதப் பொதியின் இயந்திர மொழிக் கோப்புகளின் பெயரிலேயே 'சிபைத்தன்-310' என்று இருந்தது. அவை 3.10 க்கென்றே தொகுக்கப்பட்டவை, 3.12 அவற்றைத் தொடாது. கோப்புறையின் பெயரை மாற்றி 3.12 ஆக்கிப் பார்ப்பம் என்று தம்பி சொன்னதற்கும் இதுவே விடை. எனவே சூழலையே புதிதாகக் கட்டுவது என்று முடிவெடுத்தேன்.

அதற்கு என்னென்ன பொதிகள் இருந்தன என்ற பட்டியல் வேண்டும். ஒழுங்கானவர்கள் அதை ஒரு கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். நான் வைத்திருக்கவில்லை. பழைய பைத்தன் 3.10 ஐ என் கையாலேயே நீக்கிவிட்டதால் பழைய பிப்பிடம் கேட்கவும் வழியில்லை. நல்ல வேளையாக, நிறுவிய பொதிகளைப் பட்டியலிடும் 'பிப் பிரீஸ்' கட்டளைக்குப் 'பாத்' என்ற தெரிவு ஒன்று உண்டு. பழைய சூழலின் பெயரை மாற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, அதே பெயரில் புதிய சூழலை உருவாக்கி, புதிய பிப்பிடம் பொதிகள் இருந்த பழைய 'சைட்-பக்கேஜஸ்' கோப்புறையின் பாதையைக் கொடுத்தேன். பொதிகளை ஓட்டாமல், ஒவ்வொன்றுடனும் இருக்கும் விவரக் குறிப்புகளை மட்டுமே அது வாசிப்பதால், பைத்தன் பதிப்பு மாறியது அதற்குத் தடையாக இருக்கவில்லை. 41 வரிகள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை வேறு பொதிகளுக்குத் துணையாக வந்தவை. 'பிப் லிஸ்ட்' கட்டளையில் 'நொட்-ரிகுவயர்ட்' தெரிவைச் சேர்த்தபோது, வேறெதற்கும் தேவைப்படாதவை ஒன்பது மட்டும் மிஞ்சின. அவற்றையும் பழைய பதிப்பு எண்களையும் ஒரு கோப்பில் இட்டேன்.

நம்பையில் மட்டும் இடறியது. பட்டியலில் இருந்தது 1.23.5. அதற்கு 3.12 க்கென ஆயத்தமாகத் தொகுக்கப்பட்ட கோப்பு இல்லாததால், பிப் மூல நிரலை இறக்கித் தானே தொகுக்க முயன்று, 3.12 இல் நீக்கப்பட்டுவிட்ட பழைய உட்கூறுகளைத் தேடி, திரை நிறையப் பிழைச் செய்தியைக் கொட்டியது. 3.12 க்கு நம்பை ஆதரவு தொடங்குவது 1.26 இல் இருந்துதான். அந்த ஒரு வரியில் மட்டும் எண்ணைத் திருத்தியதும், சுமார் 18 மெகாபைட் கோப்பு ஒன்று இறங்கி, தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் நிறுவி முடிந்தது.

நிரலை மூன்று பிரதிகளில் ஓட்டி, முன்பு கிடைத்த அதே பிழைப் பட்டியல்தான் வருகிறதா என்று ஒப்பிட்டேன். வந்தது. "அப்ப பழைய கோப்புறையை அழிக்கட்டா அண்ணை?" என்று தம்பி கேட்டார். பட்டியல் கோப்பை முதலில், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் சேர்க்கச் சொன்னேன். சேர்த்த பிறகு அவரே அழித்தார்.