கான்சாஸில் ஒரு வருடம் மழை அளந்த கதை

போன மார்ச்சில் நாலு அங்குல விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் மழைமானி வாங்கினேன். கோகோராஸ் என்ற தன்னார்வ மழை அளவீட்டு வலையமைப்பில் சேர அதுதான் அடிப்படைக் கருவி. கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. ஊரின் ஒரு பக்கம் ஓர் அடிக்கு மேல் மழை கொட்டியபோது இன்னொரு பக்கம் சுமாராகத்தான் பெய்திருக்கிறது. நாலைந்து நிலையங்களை நம்பினால் இப்படித்தான் கோட்டை விடுவோம் என்று, அடுத்த வருடமே வீட்டுக்கு வீடு அளக்கச் சொல்லித் தொடங்கிய திட்டம் இது.

நான் இருப்பது மேற்குக் கான்சாஸில் ஃபின்னி கவுண்டி, கார்டன் சிட்டிக்குப் பக்கம். பெயரில் இருக்கும் தோட்டத்தை நம்பி யாரும் வந்துவிட வேண்டாம். வருட சராசரி மழை சுமார் 19 அங்குலம், அதாவது 480 மில்லிமீட்டர். இதே மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் 40 அங்குலத்துக்கு மேல் பெய்கிறது. ஊரை ஒட்டி ஆர்கன்சாஸ் ஆறு போகிறது, பெரும்பாலும் மணலாக. பிறந்தது சாத்தூர் என்பதால் எனக்கு அது பெரிய அதிர்ச்சி இல்லை. வைப்பாற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஆறு என்றாலே மணல்தான்.

முதல் தப்பு கம்பத்தில். ஐந்தடி உயரத்தில் மழைமானியை மாட்டிவிட்டுப் பெருமையாக நின்றேன். வீடுகள் நெருங்கிய இடத்துக்குத்தான் அந்த உயரமாம். திறந்த வெளியில் இரண்டடி போதும், மேலே போகப் போகக் காற்று மழையைத் தள்ளிக்கொண்டு போய்விடும் என்று பிறகுதான் படித்தேன். இங்கே மார்ச், ஏப்ரலில் அடிக்கும் காற்றைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கார் கதவைத் திறக்கும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்பத்தைப் பிடுங்கிக் குட்டையாக அறுத்து நட்டேன்.

ஏப்ரல் முழுக்க காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்ப்பதும் 0.00 என்று எழுதுவதும்தான். மழை இல்லாத நாளையும் விடாமல் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் மழை பெய்யவில்லையா, ஆள் பார்க்கவில்லையா என்பது எப்படித் தெரியும்? ஊரிலிருந்து அம்மா தினமும் போனில் கேட்பாள்: "என்னய்யா, இன்னைக்காவது பெஞ்சுச்சா?" இல்லம்மா என்று சொல்லிச் சொல்லி எனக்கே கூச்சமாகிவிட்டது.

மே மாதம் எல்லாம் மாறியது. மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று தெற்கிலிருந்து ஏறி வரும். மேற்கே மேட்டுநிலத்திலிருந்து வறண்ட காற்று இறங்கும். இரண்டும் முட்டும் கோட்டை 'டிரை லைன்' என்பார்கள். பிற்பகலில் அந்தக் கோட்டருகே மேகம் கோபுரம் கோபுரமாக எழும்பும். நம் ஊர் ஐப்பசி மழைபோல வானம் மூடிக்கொண்டு நாள்கணக்கில் பெய்வது இங்கே அபூர்வம். வந்தால் ஒரு மணி நேரம், அதுவும் ஒரு துண்டு நிலத்துக்கு மட்டும். பல நாள் கூத்து ராத்திரியில்தான் நடக்கும். இருட்டியதும் தெற்குக் காற்று தரைக்குக் கொஞ்சம் மேலே வேகமெடுத்து ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுவதால், விடியற்காலை இரண்டு மணிக்கு ஜன்னல் அதிரும்.

அப்படி ஓர் இரவு நல்ல மழை. மழைமானிக்குள் இருக்கும் உள்குழாய் ஓர் அங்குல மழைதான் கொள்ளும். மிச்சம் வெளி உருளையில் வழிந்து நிற்கும். உள்குழாயை அளந்து கொட்டிவிட்டு, வழிந்ததைப் புனல் வைத்து மறுபடி குழாயில் ஊற்றி அளந்து கூட்ட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் புனலைச் சாய்த்து இரண்டாவது ஊற்றலில் பாதியைப் புல்லில் விட்டேன். 2.31 என்பதுபோல ஓர் எண்ணை எழுத ஆசை, எழுத முடிந்ததோ 'ஓர் அங்குலத்துக்கு மேல், சிந்திவிட்டது' என்ற குறிப்பு மட்டும். வடக்கே நாலு மைல் தள்ளிக் கோதுமை போட்டிருக்கும் பெரியவரைக் கேட்டேன். அவர் வயலில் 0.40-தானாம்.

ஜூனில் ஆலங்கட்டிக்காக ஒரு பலகை செய்தேன். ஓரடிக்கு ஓரடி தெர்மாகோல், மேலே கெட்டியான அலுமினியத் தாள். விழும் கட்டி ஒவ்வொன்றும் குழி பதித்துவிட்டுப் போகும். இரண்டாவது வாரத்தில் பத்து நிமிடத்தில் தாள் அம்மைத் தழும்பு முகம்போல ஆனது. பெரிய குழி கோலிக்குண்டு அளவு. அதை எண்ணி அளந்து பதிவேற்றியதில் எனக்கு ஒரே உற்சாகம். மறுநாள் பெரியவரின் விளைந்த கோதுமை பாதி சாய்ந்து கிடந்ததைப் பார்த்ததும் அந்தப் பலகையைக் காட்டவில்லை. மாதக் கடைசியில் அறுப்பு. அதுவரை மழைக்கு ஏங்கியவர்கள் எல்லாம் இப்போது வேண்டாம் வேண்டாம் என்பார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் 100 பாரன்ஹீட்டைத் தாண்டிய நாட்கள் பல. மேகத்திலிருந்து சாம்பல் நிறத் திரைபோல மழை தொங்கும், தரைக்கு வருமுன் காய்ந்துவிடும். ஒரு சொட்டு என் கையில் விழுந்தது என்று 'டி' போட்டேன். அளக்க முடியாத சுவடு மழைக்கு அந்த எழுத்துதான்.

செப்டம்பரில் பெரியவர் அடுத்த கோதுமை விதைப்புக்குத் தயாரானபோது என் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் போனேன். புரட்டிப் பார்த்தார், சிரித்தார், வண்டியிலிருந்து ஒரு நீளமான இரும்புக் கம்பியை எடுத்தார். மண்ணில் அழுத்தினால் ஈரம் உள்ளவரை இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். இரண்டடி இறங்கியது. மூன்றுக்கு மேல் இருந்தால் நிம்மதியாக விதைப்பேன் என்றார். எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. கரிசலில் அவர் எந்த மழையையும் மில்லிமீட்டரில் சொன்னதில்லை. மண்வெட்டியால் கொத்திப் பார்த்து "ஒரு உழவு மழை" என்பார், அல்லது "புழுதி அடங்குச்சு, அவ்வளவுதான்" என்பார். நான் எழுதியதெல்லாம் வானம் போட்டது. அதில் வெயிலும் காற்றும் எடுத்துக்கொண்டது போக மண்ணில் நின்றது எவ்வளவு என்று என் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. அன்றைக்கே கம்பி வாங்கினேன். இப்போது ஞாயிறுதோறும் குத்திப் பார்த்து ஓரத்தில் ஆழத்தையும் எழுதுகிறேன்.

நவம்பரில் உள்குழாயை எடுத்து வைக்க மறந்தேன். தண்ணீர் உறைந்து, குழாய் நெடுக விரிசல். குளிர்காலத்தில் புனலும் உள்குழாயும் வீட்டுக்குள், வெளி உருளை மட்டும் கம்பத்தில் என்பது விதி. பனி விழுந்ததும் உருளையை உள்ளே கொண்டுவந்து, அளந்த வெந்நீரை ஊற்றி உருக்கி, ஊற்றியதைக் கழிக்க வேண்டும். சரி, அதையும் செய்தேன். வந்தது 0.07. கராஜ் பக்கமோ முழங்கால் உயரத்துக்குப் பனி குவிந்து கிடக்கிறது! காற்றில் பனி படுக்கைவசத்தில் போனால் உருளைக்குள் எப்படி விழும்? அதன்பின் தரையில் ஒரு வெள்ளைப் பலகை போட்டு, சராசரியாகத் தேங்கிய இடத்தில் உருளையைக் கவிழ்த்து வெட்டியெடுத்து உருக்கினேன். 0.22. இரண்டில் எது சரி என்றால் இரண்டாவது கொஞ்சம் கம்மித் தப்பு.

ஜனவரியில் ஒரு நாள் இதமான மேற்குக் காற்றில் வெறும் சட்டையோடு வெளியே நின்றேன். மறுநாள் காலை மழைமானியைத் தொட்டபோது குளிரில் விரல் விறைத்தது.

வருடக் கணக்கு 15.64 அங்குலம், மே மாதம் சிந்தியது தனி. இந்த மார்ச்சின் முதல் மழை நேற்று பெய்தது. தூசியில் இறங்கி வந்த மழை, புதுக் குழாயின் அடியில் காப்பி நிறத்தில் 0.03. கழுவிக் காயவைத்திருக்கிறேன். கம்பி இன்னும் ஒன்றரை அடியில்தான் நிற்கிறது.