எந்த நம்பர் பிரஷ், மாமா?

தங்கச்சி மகள் ஆயில் பெயின்டிங் பழக ஆரம்பித்திருக்கிறாள். தென்காசியில் கடைக்குள் நின்றுகொண்டே போன் செய்தாள். "மாமா, எந்த நம்பர் பிரஷ் வாங்கட்டும்?"

நம்பர் கிடக்கட்டும்மா, முதலில் முடியை விரலால் வளைத்துப் பார் என்றேன். மீதியை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இதோ, அவளுக்கு எழுதியது.

நம்ம புளியரையில் ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் இறங்கிவிட்டால் படம் காய நாளாகும். ஆயில் பெயின்ட் தண்ணீர் வற்றிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு மெல்ல இறுகும். அந்த ஈரக்காற்றில் காத்திருந்து காத்திருந்துதான், ஈரத்தின் மேலேயே ஈரம் வைத்து ஒரே மூச்சில் படத்தை முடிக்கப் பழகினேன்.

முதலில் வரைந்தது கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலம். 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய கொல்லம் – செங்கோட்டைப் பாதையில் நிற்கிற கல்பாலம். வானத்துக்கு நீலம் பூசிவிட்டு, மேகம் வைக்க வாட்டர் கலருக்கு வைத்திருந்த மெத்தென்ற பிரஷை எடுத்தேன். பெயின்டின் கனம் தாங்காமல் முடி மடங்கியது. வெள்ளை இறங்கவில்லை, அடியிலிருந்த நீலம் பிரஷோடு வந்தது.

அடிப்பூச்சுக்குப் பன்றிமுடிதான் வேண்டும். நல்ல முடியின் நுனி இயல்பாகவே இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அந்தப் பிளவுதான் கெட்டிப் பெயின்டை அள்ளிப் படம் வரையும் துணியில் தேய்த்துப் பரப்புகிறது. நுனியை ஒட்டக் கத்தரித்திருந்தால் வாங்காதே.

மேல்பூச்சுக்கு அதுவே ஆகாது, கீழிருக்கும் ஈரத்தை உழுதுவிடும். அங்கே கொஞ்சம் நீள முடியுள்ள நைலான், வளைத்து விட்டால் உடனே நிமிர்கிற வகை. பிரஷைப் படுக்க வைத்து ஒரே இழுப்பு, உடனே எடுத்துவிடு. திரும்பத் தடவினால் கலங்கிப்போகும். மேலே வைக்கிற பெயின்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இளக்கிக்கொள். கெட்டியின் மேல் இளகியது ஒட்டும். மாற்றிச் செய்தால் ஒட்டாது.

யாராவது கீரிமுடி பிரஷை நீட்டினால் தொடாதே. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கீரியைக் காக்கிறது. அதன் முடியை விற்பதும் வாங்குவதும் குற்றம். நம்ம வரப்பில் குறுக்கே ஓடுகிற கீரியை நீயே பார்த்திருக்கிறாய். அதன் உயிரை எடுத்து வருகிற வழவழப்பு நமக்கு வேண்டாம்.

வடிவத்தில் தட்டை ஒன்று, நுனி உருண்ட தட்டை இரண்டு போதும். ஆனால் வானத்துக்குத் தொட்டதைப் பச்சைக்குத் தொடாதே. வெளிச்சத்துக்கென்று ஒன்றைச் சுத்தமாகவே வைத்திரு. பழைய வேட்டித் துணி மடியில் இருக்கட்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் துடை. முடிந்ததும் சமையல் எண்ணெயில் அலசி, சோப்புப் போட்டுக் கழுவிப் படுக்க வைத்துக் காயவிடு. முடியைக் காம்போடு பிடித்திருக்கும் உலோகப் பூணுக்குள் பெயின்ட் இறுகினால் முடி விரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடு. கார் நெல் நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கிறது, மலை அதில் தலைகீழாகத் தெரிகிறது. அதையே வரைவோம்.