'பூச்சி'க்கு எத்தனை மார்க்?

என் முனைவர் பட்ட ஆய்வின் கேள்வியை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைகழுவுவதையும் குடிதண்ணீரைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வதையும் முறையாகச் சொல்லிக்கொடுத்தால், அவர்கள் வீட்டில் இருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி தங்கைகளுக்கு வயிற்றுப்போக்கு குறையுமா? பதில் சொல்ல மூன்று அளவுகோல்கள் தேவைப்பட்டன. பாடம் மண்டையில் ஏறியதா என்று பார்க்க ஒரு தேர்வு. குழந்தையின் வயிற்றைப் பற்றி அம்மாவிடம் கேட்க ஒரு கேள்வித்தாள். குடத்துத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்க்க லேப்.

நான் கல்வியியல் படித்துவிட்டு வந்தவள். விடைத்தாள் திருத்தும் லட்சணம் எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் தேர்வு மதிப்பெண்ணைச் சந்தேகத்தோடு பார்த்தேன், அம்மாக்கள் சொல்வதைப் பாதி நம்பினேன், லேப் ரிப்போர்ட்டை முழுதாக நம்பினேன். இந்த வரிசை எனக்கு எப்படித் தலைகீழானது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் நெறிமுறைக் குழு. பெற்றோர் சம்மதக் கடிதம், பிள்ளைகளின் ஒப்புதல், தகவலுக்குப் பூட்டு, எல்லாம் கொண்டுபோயிருந்தேன். குழுவில் இருந்த மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நீங்க கேள்வி கேட்டுட்டு இருக்கும்போதே அந்தக் குழந்தைக்கு ரத்தபேதின்னு தெரியவந்தா என்ன செய்வீங்க?" என் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன், அவ்வளவுதான். திரும்பி வந்து, எந்த அறிகுறி இருந்தால் கேள்வியை நிறுத்திவிட்டு எங்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்த பிறகுதான் அனுமதி கிடைத்தது.

அடுத்த அடி புள்ளியியல் ஆலோசகரிடம். 400 வீடுகள் போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவர் சிரித்தார். "ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஒரே மாதிரி இருப்பாங்கம்மா. முப்பது பேரைப் பார்த்தா முப்பது தனித்தனி ஆளைப் பார்த்த மாதிரி ஆகாது." பள்ளிக்கு 30 பேர், அவர்களுக்குள் ஒற்றுமைக் கெழு (எவ்வளவு ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்ற அளவு) 0.05 என்று வைத்தாலே 29-ஐ 0.05-ஆல் பெருக்கி 1 கூட்ட 2.45 வருகிறது. அத்தனை மடங்கு வீடுகள் வேண்டும். 400 என்பது 980 ஆகிவிட்டது. அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை.

சரி, தேர்வுக்கு வருகிறேன். கொள்குறி வினா வைத்தால் திருத்துவது சுலபம். ஆனால் பிள்ளை புரிந்துகொண்டதா, நான்கில் ஒன்றை டிக் அடித்ததா என்று தெரியாது. அதனால் எழுதும் கேள்வி வைத்தோம். அதில் ஒன்று: "பார்க்கத் தெளிவாக இருக்கும் தண்ணீர் எப்போதும் பாதுகாப்பானதா? காரணம் எழுது." 0 முதல் 3 வரை மதிப்பெண், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். இரண்டு ஆசிரியைகள், ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாமல், அதே 40 தாள்களைத் திருத்தினார்கள்.

40-இல் 24 தாள்களில்தான் மதிப்பெண் ஒன்றாக இருந்தது. 60 சதவீதம். கேட்பதற்கு மோசமில்லை. ஆனால் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போட்டாலும் சில தாள்களில் ஒத்துப்போகத்தான் செய்யும். அந்தக் குருட்டு ஒற்றுமையைக் கழித்துவிட்டுப் பார்க்கத்தான் ஜேக்கப் கோஹன் 1960-இல் கப்பா என்ற அளவைக் கொண்டுவந்தார். முழு ஒற்றுமைக்கு 1, குருட்டு ஒற்றுமை மட்டும்தான் என்றால் 0. எங்கள் தாள்களில் தற்செயலாகவே 33 சதவீதம் ஒத்துப்போகும் என்று வந்தது. கப்பா 0.40. லாண்டிஸும் கோக்கும் 1977-இல் போட்ட பட்டியலில் 0.21 முதல் 0.40 வரை 'சுமார்' ரகம். (அந்த எல்லைகள் தாங்களாக வகுத்தவைதான் என்று அவர்களே அதே கட்டுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலை எடுத்தாளுகிற யாரும் அந்த வரியை எடுத்தாளுவதில்லை.)

ஆசிரியைகளைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. இது பழைய கதை. 1912-இல் ஸ்டார்ச்சும் எலியட்டும் ஒரே ஆங்கில விடைத்தாளின் நகலை 142 ஆசிரியர்களிடம் கொடுத்தபோது 50-உம் வந்தது, 97-உம் வந்தது. நூறு வருடம் ஆகியும் திருத்துகிறவர்கள் மனிதர்களாகத்தானே இருக்கிறார்கள்.

ஒத்துப்போகாத 16 தாள்களை மேசையில் பரப்பிக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம். ஒரு தாளில் பிள்ளை எழுதியிருந்தது இது: "தண்ணி தெளிவா இருந்தாலும் அதுல கண்ணுக்கு தெரியாத பூச்சி இருக்கும். அதனால துணியில வடிகட்டி குடிக்கணும்."

மூத்த ஆசிரியை 1 போட்டிருந்தார். இளையவர் 3.

"கிருமின்னு பாடத்துல அத்தனை தடவை சொல்லியிருக்கோம், இது பூச்சின்னு எழுதியிருக்கு. அதுவும் துணியில வடிகட்டுனா கிருமி போயிடுமா?"

"டீச்சர், கண்ணுக்குத் தெரியாததுன்னு எழுதிட்டானே. நாம கேட்டது அதைத்தானே. வடிகட்டுறதைப் பத்தி நாம கேக்கவே இல்லையே."

இரண்டு பேர் சொல்வதும் சரி. தப்பு என்னுடையது. 3 மதிப்பெண்ணுக்கு நான் எழுதியிருந்த விளக்கம் "முழுமையான, சரியான காரணம்". அதில் முழுமை என்றால் என்ன, கூடுதலாக எழுதிய தப்புக்கு மதிப்பெண் குறைக்கலாமா, பேச்சுவழக்குச் சொல்லை ஏற்கலாமா, ஒன்றுக்கும் விடை இல்லை. அன்று மாலைக்குள் அந்த ஒரு வரி ஆறு வரியானது. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பிள்ளைகள் எழுதிய நிஜ விடைகள் இரண்டை மாதிரியாக ஒட்டினோம். புதிதாக 40 தாள்களைத் திருத்தச் சொன்னபோது 32 ஒத்துப்போயின. கப்பா 0.70-ஐத் தொட்டது. அந்தப் பூச்சித் தாள் மட்டும் தீராமல் தனியாகக் கிடந்தது.

அம்மாக்களின் கேள்வித்தாளில் இவ்வளவு சண்டை வராது என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத வேறொருவரை வைத்துத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்த்திருந்தோம். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் எழுதியதிலிருந்து எல்லோரும் பின்பற்றுகிற வழி அது. திரும்பி வந்தது மூலத்தோடு அச்சு அசலாகப் பொருந்தியது. பெருமையாக இருந்தது.

முன்னோட்டத்தில் முதல் வீடு. ஒன்றரை வயதுக் குழந்தை மடியில்.

"கடந்த ரெண்டு வாரத்துல பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு இருந்துச்சாக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கா."

'இல்லை' என்று குறித்தேன். முன்னோட்டம் என்பதால், இந்தக் கேள்வியைக் கேட்டதும் என்ன நினைத்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுற அளவுக்குப் போச்சான்னு கேக்குறீங்கன்னு நினைச்சேன். முந்தாநாள் நாலு தடவை தண்ணியாத்தான் போனா. பல்லு முளைக்குதுல்ல, அப்படித்தான் போகும். அது பேதியில சேத்தி இல்லையே."

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி ஒரு நாளில் மூன்று அல்லது அதற்கு மேல் இளகியோ தண்ணீராகவோ போனால் வயிற்றுப்போக்கு. நாலு தடவை போன குழந்தையை நான் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்கூடத் தப்பு இல்லை. அந்தச் சொல்லுக்கு மருத்துவர் வைத்திருக்கும் எல்லையும் அம்மா வைத்திருக்கும் எல்லையும் வேறு வேறு, அவ்வளவுதான். திரும்ப மொழிபெயர்ப்பது இதைக் காட்டிக்கொடுக்காது. ஏனென்றால் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் அகராதி தெரிந்தவர்கள்.

நோயின் பெயரையே தூக்கிவிட்டோம். "நேத்து எத்தனை தடவை போனா? கெட்டியாவா, தண்ணியாவா?" என்று நாள் நாளாகப் பின்னோக்கிக் கேட்டோம். 1997-இல் வந்த பிரிஸ்டல் அட்டை என்று மலத்தின் ஏழு வகைப் படங்கள் உண்டு. அது பெரியவர்களை வைத்து உருவானது என்பதால் விட்டுவிட்டு, பாத்திரத்தில் விழுந்தால் பரவுமா, அப்படியே நிற்குமா என்று மட்டும் கேட்டோம். இரண்டு வாரக் கணக்கையும் ஏழு நாளாகச் சுருக்கினோம். பெரிய குடும்பநலக் கணக்கெடுப்புகளில் இரண்டு வாரம்தான் வழக்கம். ஆனால் எட்டாம் நாளைத் தாண்டினால் அம்மாக்கள் யோசித்துச் சொல்வது எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வதாக மாறிக்கொண்டிருந்தது.

முகத்தைப் பார்த்துச் சொல்வது என்றதும் கைகழுவும் கேள்வி ஞாபகம் வருகிறது. "சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கைகழுவுவீர்களா?" யார்தான் இல்லை என்பார்கள்? கேட்பதை விட்டுவிட்டு, கைகழுவும் இடத்தில் தண்ணீரும் சோப்பும் கண்ணெதிரே இருக்கிறதா என்று பார்த்துக் குறித்தோம். இதற்கும் இருவர் தனித்தனியாக 50 வீடுகள். 45 வீடுகளில் இருவரும் 'உண்டு', ஒன்றில் இருவரும் 'இல்லை', நான்கில் ஆளுக்கு இரண்டாக மாற்றிக் குறித்திருந்தோம். 92 சதவீதம் ஒற்றுமை. கப்பா 0.29!

கணக்குத் தப்பு என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். தப்பில்லை. கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் சோப்பு இருந்தால், எல்லாவற்றுக்கும் 'உண்டு' என்று எழுதுகிற சோம்பேறிகூட 90 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போய்விடுவான். அதனால் தற்செயல் ஒற்றுமையே 89 சதவீதம் ஆகிவிடுகிறது. மிச்சம் இருக்கும் 11-இல்தான் நம் திறமையைக் காட்ட வேண்டும். ஃபைன்ஸ்டீனும் சிச்செட்டியும் 1990-இல் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். நான்கு வீடுகளையும் போய்ப் பார்த்தால், சண்டை துணி சோப்பைப் பற்றியது. இரண்டு வீடுகளில் ஒருவர் அதைக் கணக்கில் சேர்த்திருந்தார், மற்ற இரண்டில் இன்னொருவர். கையேட்டில் ஒரு வரி சேர்த்ததும் முடிந்தது. ஆய்வறிக்கையில் சதவீதத்தையும் கப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன்.

இப்படி மனிதர்கள் கை வைத்த இடத்தையெல்லாம் கிளறிக்கொண்டிருந்த நான், தண்ணீர்ப் பரிசோதனையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 100 மில்லி தண்ணீரை 0.45 மைக்ரான் துளையுள்ள சவ்வில் வடிகட்டி, வளர்த்து, ஈ. கோலை (மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமி) புள்ளிகளை எண்ண வேண்டும். 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். புள்ளியை எண்ணுவதில் என்ன தகராறு வந்துவிடப் போகிறது?

பாடம் முடிந்த முதல் மாத முடிவுகள் வந்தன. பாடம் நடத்திய பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுத் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. நடத்தாத பள்ளிகளின் வீடுகளில் தட்டு நிறையப் புள்ளிகள். வரைபடத்தைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. வழிகாட்டிப் பேராசிரியைக்கு அனுப்பியும்விட்டேன்.

லேப்பில் வேலை பார்க்கும் மூத்த அக்காதான் சந்தேகப்பட்டார். தரச் சோதனைக்காக ஒரே குடத்தில் இரண்டு பாட்டில் எடுப்பது வழக்கம். ஒரு நாள் வண்டி தகராறால் ஒரு பாட்டில் முன்னாலும் அதன் ஜோடி நாலு மணி நேரம் கழித்தும் வந்திருக்கிறது. முன்னால் வந்ததில் புள்ளிகள். பின்னால் வந்ததில் ஒன்றும் இல்லை. ஒரே குடத்துத் தண்ணீர்.

"பாட்டில்ல தயோ போட்டீங்களா?"

"என்னதுக்கா?"

சோடியம் தயோசல்பேட். தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை அது உடனே முறித்துவிடும். போடாவிட்டால், பாட்டில் வண்டியில் வரும் நேரம் முழுக்கக் குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே வரும். குழந்தை குடித்த தண்ணீர் ஒன்று, லேப்புக்கு வந்து சேரும் தண்ணீர் வேறொன்று. லேப்பில் கொடுத்த பாட்டில்கள் தீர்ந்ததும் நாங்களே சுத்தமான பாட்டில்களைக் கிருமிநீக்கம் செய்து எடுத்துப்போயிருந்தோம். மருந்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதில் என்னை உலுக்கியது இன்னொன்று. நாங்கள் நடத்திய பாடத்திலேயே தண்ணீரில் குளோரின் சொட்டுப் போடுவதும் ஒரு பகுதி. அதனால் குளோரின் இருந்ததெல்லாம் பாடம் நடத்திய பக்கத்து வீடுகளில். பிழை இரண்டு பக்கமும் சமமாக விழவில்லை, எங்களுக்குச் சாதகமான பக்கத்தில் மட்டும் விழுந்திருக்கிறது. எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி கெட்டுப்போயிருந்தால்கூடப் பரவாயில்லை, கண்ணில் பட்டிருக்கும். நமக்குப் பிடித்த விடையைத் தருகிற பிழையை யார் தேடுவார்கள்?

அந்த மாதத்துத் தண்ணீர் முடிவுகள் மொத்தத்தையும் நீக்கினோம். பேராசிரியைக்கு எழுதிய இரண்டாவது மின்னஞ்சலைத் தட்டச்சு செய்ய முதலாவதைவிட ரொம்ப நேரம் பிடித்தது. அதன்பிறகு மருந்திட்ட பாட்டில், ஐஸ் பெட்டி, ஆறு மணி நேரத்துக்குள் லேப், குடத்தருகிலேயே டிபிடி மாத்திரை போட்டுக் குளோரின் அளவு, ஒவ்வொரு நாளும் கிருமியில்லாத தண்ணீர் நிரப்பிய ஒரு வெற்றுப் பாட்டில் எங்களோடு ஊர்சுற்றித் திரும்புவது என்று ஏற்பாடானது. அந்த வெற்றுப் பாட்டிலில் புள்ளி வந்தால் அழுக்கு எங்கள் கையில் என்று அர்த்தம். பாட்டில்களில் வீட்டு அடையாளத்துக்குப் பதில் குறியெண் மட்டும் ஒட்டினோம், எண்ணுகிறவருக்கு எந்தப் பள்ளி என்று தெரியாமல் இருக்க. திருத்தும் ஆசிரியைகளுக்கு முதல் நாளிலிருந்தே பெயரை மறைத்தவள், லேப்புக்கு அதைச் செய்ய இரண்டாம் மாதம் ஆனது.

முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதிப்பெண் நன்றாக உயர்ந்தது. தண்ணீரில் கொஞ்சம் முன்னேற்றம், முதல் மாத வரைபடத்தில் கண்டதில் சின்னப் பங்கு. வயிற்றுப்போக்கில் வித்தியாசம் உண்டு என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, நம்பக இடைவெளி (உண்மையான அளவு எங்கிருந்து எங்கே வரை இருக்கலாம் என்ற எல்லை) அவ்வளவு அகலம்.

வாய்மொழித் தேர்வில் புள்ளியியல் அத்தியாயத்தை யாரும் தொடவில்லை. புறத்தேர்வாளர் நேராகப் பின்னிணைப்பைத் திறந்து, நீக்கிய மாதத்தைப் பற்றிய அந்த ஒன்றரைப் பக்கத்தில் அரைமணி நேரம் நின்றார். அதற்கடுத்த பக்கம்தான் மதிப்பெண் விளக்க அட்டவணை. பூச்சித் தாளின் நகல் அதில் மாதிரியாக இருக்கிறது, 2 என்று வட்டமிட்டு. மூத்த ஆசிரியைக்கு இன்றுவரை அதில் சம்மதம் கிடையாது.